முகப்பில் ஒன்று, உள்ளே ஒன்று

செட்டியார்பட்டி, தளவாய்புரம் வட்டாரத்தில் நைட்டி தைக்கும் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் பல. ஒருவர் கொண்டுவந்த மாடலை மற்றவர் பார்த்துத் தைப்பதை இங்கு யாரும் களவென்று சொல்வதில்லை. ஆனால், பிறருடைய லேபிளைத் தம் துணியில் வைத்துத் தைப்பவரை நேர்மையான வியாபாரி என்றும் யாரும் சொல்வதில்லை. துணியில் நமக்குத் தெளிவாகத் தெரியும் இந்த வேறுபாட்டைக் கார் விஷயத்தில் நாம் மறந்துவிடுகிறோம்.

நம் உறவினரான இளைஞர் ஒருவர் அண்மையில் தம் பழைய காரை விற்க முனைந்தார். அதன் பின்புறம் 'டர்போ' என்ற பேட்ஜை ஒட்டி, உறுமும் சைலன்சர் ஒன்றையும் மாட்டியிருந்தார். உள்ளே இருப்பதோ டர்போ இல்லாத சாதாரண இன்ஜின். "எல்லாரும் செய்றதுதானே மாமா, விலை கொஞ்சம் கூடக் கிடைக்கும்" என்றார். இதில் என்ன தவறு என்பதே கேள்வி.

பார்த்துச் செய்வது எல்லாமே தவறு என்று நாம் கருதவில்லை. 1976-இல் பிரிட்டனில் வெளிவந்த ரோவர் எஸ்டி1 காரின் வடிவத்தில் இத்தாலியின் ஃபெராரி டேடோனாவின் சாயல் உண்டு. ஆயினும் அது தன் பெயரோடும், தனக்குரிய 3.5 லிட்டர், எட்டு சிலிண்டர் இன்ஜினோடும் வந்தது; அடுத்த ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதையும் பெற்றது.

அதே கார் 1985-இல் சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் 'ஸ்டாண்டர்ட் 2000' என்ற பெயரில் தயாரானது. தோற்றம் ரோவருடையது, இன்ஜினோ 1940-களின் வேன்கார்டு காரின் வழிவந்த, நான்கு சிலிண்டர் கொண்ட இரண்டு லிட்டர் இன்ஜின். முறையாகப் பெற்ற வடிவம் என்பதால் அது களவன்று. இன்ஜினின் அளவைப் பெயரே சொன்னதால் ஏமாற்றும் அன்று. ஆனாலும் முகம் அளித்த வாக்கை இன்ஜினால் காப்பாற்ற இயலவில்லை. விலையோ மிக அதிகம். சில ஆண்டுகளிலேயே அதன் உற்பத்தி நின்றது.

உரிமம் இன்றியே முகத்தை எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. டாட்டா குழுமத்துக்குச் சொந்தமான லேண்ட்ரோவரின் இவோக் காரை ஏறத்தாழ அப்படியே ஒத்திருந்தது சீனாவின் லேண்ட்விண்ட் எக்ஸ்7. அதன் விற்பனையை நிறுத்தி இழப்பீடு வழங்குமாறு 2019-இல் பெய்ஜிங் நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

பேட்ஜின் கதையும் இதுவே. பிஎம்டபிள்யூ தன் பந்தயப் பிரிவை 1972-இல் தொடங்கியது. அதன் முழுமையான 'எம்' கார்களில் இன்ஜின், பிரேக், சஸ்பென்ஷன் அனைத்தும் வேகத்துக்கென்றே அமைக்கப்படுகின்றன. சாதாரண இன்ஜின் கொண்ட கார்களுக்கும் 'எம் ஸ்போர்ட்' என்ற அலங்காரத்தை அந்த நிறுவனமே விற்கிறது என்று சிலர் வாதிடலாம். உண்மைதான். ஆனால் அங்கே எந்த இன்ஜினுக்குப் பணம் தருகிறோம் என்பது வாங்குபவருக்குத் தெரியும். அந்த இளைஞரிடம் கார் வாங்க வருபவருக்கு அது தெரியாது.

மதீனாவின் கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். தானியம் நனைந்தது அந்த வியாபாரியின் குற்றமன்று. அதை மறைத்ததே குற்றம். சாதாரண இன்ஜின் வைத்திருப்பதிலும் வெட்கம் ஏதுமில்லை.

ஆகவே அந்த இளைஞரிடம் நாம் சொன்னது இதுதான்: பேட்ஜைக் கழற்றிவிடுங்கள், போனட்டைத் திறந்து காட்டி, உள்ளதைச் சொல்லி, உரிய விலையைக் கேளுங்கள். பணம் சற்றுக் குறையலாம். ஆனால் வீட்டுக்கு வருவது ஹலாலான பணம். அதில்தான் பரக்கத் இருக்கிறது. நம் பிள்ளைகளும் விற்பனையை நம்மைப் பார்த்தே கற்கிறார்கள். அவர்கள் நம்மிடமிருந்து கற்பது நேர்மையாகவே இருக்க அல்லாஹ் அருள்புரிவானாக.