பரதேசியின் உள்ளத்தை அறியும் வாசிப்பு



தமிழில் இரண்டு சொற்களை நாம் வசைச்சொற்களாக்கி வைத்திருக்கிறோம். ஒன்று பரதேசி, மற்றொன்று அகதி. பிள்ளை அழுக்குச் சட்டையோடு வீட்டுக்கு வந்தால், "பரதேசியைப்போல வந்து நிற்கிறாயே" என்று கடிந்துகொள்கிறோம். ஆனால் அப்போஸ்தலனாகிய பேதுருவோ, விசுவாசிகளையே அந்நியர், பரதேசிகள் என்று அழைத்துப் புத்திசொல்லுகிறார் (1 பேதுரு 2:11). நியாயப்பிரமாணத்திலும் தேவன் அந்நியனை ஒடுக்கவேண்டாம் என்று கட்டளையிட்டு, அதற்குக் காரணமும் சொல்லுகிறார். எகிப்தில் நீங்களே அந்நியராயிருந்தபடியால், அந்நியனுடைய உள்ளம் படும் பாடு உங்களுக்குத் தெரியும் என்பதே அந்தக் காரணம் (யாத்திராகமம் 23:9).

இங்கே ஒரு கேள்வி எழும்புகிறது. எகிப்தில் செங்கல் அறுத்த பெரியவர்கள் வனாந்தரத்திலேயே மரித்துப்போனார்கள். கானானில் பிறந்து, தன் சொந்த அத்திமரத்தின் நிழலில் உட்கார்ந்திருந்த பேரன் அந்நியனுடைய உள்ளத்தை எவ்விதம் அறிவான்? அதற்கும் தேவன் ஒரு வழியை ஏற்படுத்தினார். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை, கூடாரப்பண்டிகையின்போது, புருஷரும் ஸ்திரீகளும் பிள்ளைகளும், வாசல்களில் தங்கியிருக்கும் அந்நியரும் கூடிவரவேண்டும். எல்லாரும் கேட்க நியாயப்பிரமாணம் வாசிக்கப்படவேண்டும். ஒன்றும் அறியாத பிள்ளைகள் அதைக் கேட்டுக் கற்றுக்கொள்ளவேண்டும் (உபாகமம் 31:10-13). தான் அனுபவியாத துன்பத்தை ஒரு தலைமுறை அறிந்துகொள்ளும்படி தேவன் நியமித்த வழி வாசிப்பே. போர், இனப்படுகொலை, அகதி வாழ்வு ஆகியவற்றைப் பற்றிய புத்தகங்களை விசுவாசி ஏன் வாசிக்கவேண்டும் என்பதற்கு இதுவே என் ஆதாரம்.

நாமும் அவர்களும் ஒன்றா?

"நாமும் ஊரைவிட்டு வந்தவர்கள்தானே! அந்நியனுடைய உள்ளம் நமக்குத் தெரியாதா?" என்று சிலர் கேட்கலாம். சென்னையிலிருந்து கப்பலேறி அந்தமானுக்கு வந்தவர்களும், இரயிலேறி மும்பைக்கும் டில்லிக்கும் போனவர்களும் இந்தப் பத்திரிகையின் வாசகர்கள். பாஷை தெரியாத தெருவில் வாடகை வீடு தேடி அலைந்த வேதனை நமக்குத் தெரியும். அது மெய்யான வேதனையே. ஆயினும் நாம் பிழைப்புக்காக வந்தவர்கள். ஊரில் நம் வீடு நிற்கிறது; கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் திரும்பிப்போகப் பயணச்சீட்டு எடுக்கிறோம். அகதிக்குத் திரும்பிப்போக வீடில்லை. சிலருக்கு நாடே இல்லை. இந்த வேறுபாட்டை உணராதவன் அகதிக்கு ஆறுதல் சொல்லப் புகுந்தால், யோபின் சிநேகிதரைப்போல அலட்டுண்டாக்கும் தேற்றரவாளனாவான்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழும் தமிழ் விசுவாசிகளுக்கு இது தூரத்துச் செய்தியல்ல. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரின் கடைத்தெருவில் நாம் கேட்கும் வங்காள மொழியைப் பேசுகிறவர்களில் அநேகர், 1947-ன் பிரிவினையால் கிழக்கு வங்காளத்தைவிட்டு ஓடிவந்தவர்களின் சந்ததியார். 1949 முதல் அரசாங்கம் அவர்களைக் கப்பல்களில் கொண்டுவந்து குடியேற்றியது. அவர்கள் காடு திருத்தி வயலாக்கிய ஊர்களிலிருந்துதான் இன்று நம் சந்தைக்குக் காய்கறியும் அரிசியும் வருகின்றன.

நம் சொந்த மொழி பேசும் அகதிகளும் இங்கே உண்டு. நிக்கோபார் தீவுகளில் ஒன்று கச்சால். இதைக் கச்சத்தீவு என்று மயங்கவேண்டாம். அங்குள்ள இரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்கள் இலங்கை மலையகத்திலிருந்து வந்த தமிழர். 1948-ன் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவர்களாக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் இலட்சக்கணக்கானோர். 1964-ல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பதென்றும் தீர்மானிக்கப்பட்டது. போகிறாயா, இருக்கிறாயா என்று அந்த மக்களை ஒருவரும் முதலில் கேட்கவில்லை. அவ்விதம் பிறந்த மண்ணை விட்டுப் பிரிந்து, மறுபடியும் கடல் கடந்து, கச்சாலில் பால் வெட்டிப் பிழைத்தவர்கள்மேல் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. அதில் மிகக் கொடிய அழிவைக் கண்ட தீவுகளில் கச்சாலும் ஒன்று.

இப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து ஒரு தாயார் நம் சபைக்கு வந்து, சாட்சி நேரத்தில் எழுந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு வராமல் அழுகிறார். நாம் என்ன செய்கிறோம்? "சொல்லுங்கம்மா, கர்த்தர் செய்த நன்மையைச் சொல்லுங்க" என்று அவசரப்படுத்துகிறோம். அல்லது ஒரு துதிப்பாடலைத் தொடங்கி அழுகையை மூடிவிடுகிறோம். நம் நோக்கம் தீயதல்ல. ஆனால் கேட்பதற்கு நமக்குப் பழக்கமில்லை. பொறுமையாய்க் கேட்கும் பழக்கத்தை வாசிப்பு உண்டாக்கும். புத்தகத்தை நாம் இடைமறித்துப் பேசமுடியாதல்லவா?

கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' என்னும் நாவலை வாசித்தவர், மலையகத் தோட்டத்து வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை அறிந்தே அந்தத் தாயாரின் அருகில் உட்காருவார். போராளியாயிருந்து பின்பு பிரான்சில் அகதியான ஷோபாசக்தி எழுதிய 'கொரில்லா' (2001) என்னும் நாவலில் அகதி விண்ணப்பம் எழுதுகிற ஒருவனைக் காண்கிறோம். தன் துயரத்தையே ஓர் அதிகாரி நம்பும்படி எழுதி நிரூபிக்கவேண்டியவனாய் அவன் இருக்கிறான். அந்நூலின் மொழி கரடுமுரடானது, முதிர்ந்தவர்களே வாசிக்கத்தக்கது. ஆயினும், அகதிகள் ஏன் கேள்வி கேட்பவரைக் கண்டவுடன் மௌனமாகிறார்கள் என்பதை அது விளங்கப்பண்ணுகிறது. 1983-க்குப்பின் இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மூன்று இலட்சத்துக்கும் அதிகம். அவர்களில் பல்லாயிரவர் இன்றும் முகாம்களில் வாழ்கிறார்கள். 2021-ல் அவை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் பெற்றன. பெயர் மாறியது நல்லதே. நம் நாவிலும் அது மாறவேண்டும்.

எரிக்கப்பட்ட புத்தகச்சுருள்

ஒரு ஜனத்தை அழிக்க நினைக்கிறவர்கள் அதன் புத்தகங்களையும் அழிக்கிறார்கள். 1981-ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானது. ஏறக்குறைய 97,000 நூல்களும், மறுபடி கிடைக்காத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. பன்மொழி அறிஞரான தாவீது அடிகளார் அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் நீத்தார்.

வேதத்திலும் இப்படி ஒரு சம்பவம் உண்டு. எரேமியா சொல்ல பாருக்கு எழுதிய சுருளை யோயாக்கீம் ராஜா சூரிக்கத்தியால் அறுத்து, கணப்பிலிருந்த அக்கினியில் போட்டான். கர்த்தர் என்ன செய்தார்? மறுபடியும் வேறொரு சுருளை எழுதச் சொன்னார். முன்னிருந்தவைகளோடு இன்னும் அநேக வார்த்தைகளும் சேர்க்கப்பட்டன (எரேமியா 36). ஒடுக்கப்பட்டவர்களின் சாட்சி எழுதப்படவேண்டும், வாசிக்கப்படவேண்டும் என்பதில் தேவனுக்கே அக்கறை உண்டு.

"எங்களுக்கு வேதம் ஒன்றே போதும்" என்று சொல்லும் பக்தியுள்ளவர்களை நான் மதிக்கிறேன். இரட்சிப்புக்கு வேதம் ஒன்றே போதும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வேதத்தையே முழுமையாய் வாசியுங்கள். ஒரு ஜனம் முழுவதையும் ஒரே நாளில் கொன்றுபோட அரசாணை எழுதப்பட்டதை எஸ்தரின் புஸ்தகம் சொல்லுகிறது. பாபிலோன் ஆறுகளருகே அழுதவர்களின் கோபத்தை 137-ஆம் சங்கீதம் மறைக்கவில்லை; அதன் கடைசி வசனத்தை நாம் பிரசங்கிப்பதேயில்லை. புலம்பலின் புஸ்தகம் வெற்றிமுழக்கத்தோடு முடியவில்லை. தேவனை நோக்கிய ஏக்கத்தோடே முடிகிறது. நம் ஆண்டவரோ, குழந்தையாய் இருக்கும்போதே கொலைகார அரசனுக்குத் தப்பி இரவோடிரவாய் எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார். சிறைப்பட்டுப் போன தானியேலும் எரேமியாவின் புஸ்தகத்தை வாசித்தே பாழ்க்கடிப்பின் காலத்தை அறிந்தான் (தானியேல் 9:2). அறிந்தவுடன் அவன் பிறரைக் குற்றப்படுத்தவில்லை. உபவாசித்து, தன் ஜனத்தின் பாவத்தைத் தன் பாவமாக அறிக்கையிட்டான்.

வாசிப்பு நம்மை நியாயந்தீர்க்கும்

இதுவே கடினமான பகுதி. இப்புத்தகங்களை வாசிக்கும்போது நாம் எப்பொழுதும் துன்பப்பட்டவர்களின் பக்கத்திலேயே நம்மை நிறுத்திக்கொள்கிறோம். ருவாண்டாவைப் பற்றி வாசித்தால் அது முடியாது.

அந்நாட்டில் பத்துப்பேரில் ஒன்பதுபேர் கிறிஸ்தவர்கள். 1930-களில் கிழக்கு ஆப்பிரிக்காவைக் கலக்கிய எழுப்புதல் பற்றியெரிந்த ககினி என்னும் ஊரும் அங்கேதான் இருக்கிறது. அதே நாட்டில், 1994 ஏப்ரல் முதல் ஏறக்குறைய நூறு நாட்களுக்குள் சுமார் எட்டு இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் துட்சி இனத்தார். அடைக்கலம் தேடி ஆலயங்களுக்குள் ஓடியவர்கள் ஆலயங்களுக்குள்ளேயே வெட்டுண்டார்கள். முகோனெரோ என்னுமிடத்தில் மிஷன் வளாகத்தில் சிக்கிக்கொண்ட துட்சி போதகர்கள், நாளைக்கு நாங்கள் குடும்பத்தோடு கொல்லப்படுவோம் என்று தங்கள் மூத்த போதகருக்குக் கடிதம் எழுதினார்கள். பிலிப் கூரெவிச் 1998-ல் வெளியிட்ட நூலின் தலைப்பே அக்கடிதத்தின் வாக்கியம்தான். அந்த மூத்த போதகர் இனப்படுகொலைக்குத் துணைநின்றார் என்று சர்வதேச நீதிமன்றம் 2003-ல் தீர்ப்பளித்து, பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அதே தேசத்தில், ஹூட்டு இனத்தாரான வேறொரு போதகர் எட்டுப் பெண்களைத் தம் வீட்டின் சிறிய குளியலறையில் 91 நாட்கள் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். அவர்களில் ஒருவரான இம்மாக்குலே இலிபாகிசா தம் சாட்சியை 2006-ல் நூலாக வெளியிட்டார்.

இரண்டு போதகர்கள், ஒரே வேதம். எழுப்புதல் கண்ட தேசம் என்பதோ, நிரம்பி வழிந்த ஆலயம் என்பதோ கொலையைத் தடுக்கவில்லை. இரத்தத்தைவிட ஞானஸ்நானத் தண்ணீர் மெல்லியதாகிவிட்டது. சாதி பார்த்துப் பெண் கொடுத்து, சாதி பார்த்துச் சபை தெரிந்துகொள்ளும் நம் தமிழ்க் கிறிஸ்தவம் இதை வாசித்து நடுங்கவேண்டாமா? ஏதோம் தன் சகோதரனுடைய ஆபத்துநாளில் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்ததையே தேவன் குற்றமாக எண்ணினார் (ஒபதியா 1:11-14).

தீவுவாசிகளாகிய நமக்கு இன்னும் அருகிலேயே ஒரு பாடம் உண்டு. 1858-ல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கியபோது பெரிய அந்தமானியர் சில ஆயிரம் பேர் இருந்தார்கள். 1961-ன் கணக்கெடுப்பில் 19 பேரே எஞ்சினர். முதலில் மோதல், பின்பு, வெளியார் கொண்டுவந்த நோய்கள். அவர்களைப் 'பழக்குவதற்காக' 1863-ல் ஏற்படுத்தப்பட்ட அந்தமான் இல்லத்தின் பொறுப்பிலிருந்தவர் ஒரு குருவானவர். 1877-ல் பரவிய மணல்வாரி அம்மை அவர்களில் அநேகரை வாரிக்கொண்டுபோனது. ஆங்கிலேய அதிகாரியான போர்ட்மேன் 1899-ல் வெளியான தம் நூலில் இந்த வரலாற்றை எழுதிவைத்தார். 'போ' மொழி பேசிய கடைசி மூதாட்டியாகிய போவா 2010 ஜனவரியில் மரித்தார். அவரோடு அந்த மொழியும் அடங்கிப்போனது. நாம் வீடுகட்டி, சபைகட்டி, தோத்திரம் செலுத்தும் மண்ணின் கதை இது.

எப்படி வாசிப்பது?

முதலாவது, யுத்தச் செய்திகளைக் கடைசிக்கால அடையாளங்களாக மாத்திரம் வாசிக்கவேண்டாம். யுத்தங்களைக் குறித்து முன்னறிவித்த அதே அதிகாரத்தில்தான் அநேகருடைய அன்பு தணிந்துபோகும் என்றும் ஆண்டவர் சொன்னார் (மத்தேயு 24). செத்தவர்களை எண்ணி, வருகையின் நாளைக் கணக்கிட்டு, ஒரு துளிக் கண்ணீரும் சிந்தாதிருப்பது தணிந்துபோன அன்பே.

இரண்டாவது, குடும்பமாய் வாசியுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு ஆன் பிராங்கின் நாட்குறிப்பைக் கொடுங்கள். அதே ஹாலந்து தேசத்தில் யூதரைத் தம் வீட்டில் மறைத்துவைத்ததற்காகச் சிறைப்பட்ட கொரி டென் பூம் அம்மையாரின் சரித்திரத்தையும் (1971) உடன் கொடுங்கள். ஒன்று ஒளிந்திருந்த சிறுமியின் குரல். மற்றொன்று ஒளித்துவைத்த விசுவாசியின் குரல். இரண்டையும் கேட்ட பிள்ளை, "நம் வீட்டுக் கதவை யாராவது தட்டினால் நாம் திறப்போமா, அப்பா?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகவே வாசிக்கலாம்.

மூன்றாவது, பழிவாங்கும் எண்ணத்தை வளர்ப்பதற்காக வாசிக்கவேண்டாம். ஒரு இனத்தின் காயத்தை வாசித்து இன்னொரு இனத்தை வெறுக்கத் தொடங்கினால், அது அடுத்த படுகொலைக்கு விதை.

நான்காவது, வாசித்ததைக் காட்டிக்கொள்வதற்காகப் பாதிக்கப்பட்டவர்களிடம் கதை கேட்டுத் துருவவேண்டாம். தேநீர் கொடுத்து அருகில் உட்காருங்கள். அவர்கள் பேசினால் கேளுங்கள்; பேசாவிட்டால் மௌனமாயிருங்கள். யோபின் சிநேகிதர் செய்த ஒரே நல்ல காரியம், முதல் ஏழு நாட்கள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாதிருந்ததே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் சபையின் பின்வரிசையில், ஒருவரோடும் பேசாமல் உட்கார்ந்து ஆராதித்துப் போகிற ஒரு குடும்பம் இருக்கக்கூடும். அவர்கள் எந்தக் கப்பலில், எதைவிட்டு வந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதிருக்கலாம். இந்த மாதம் புலம்பலின் ஐந்து அதிகாரங்களை ஜெபத்தோடு வாசித்துவிட்டு, பின்பு அவர்களிடம் போய்ப் பெயரைக் கேளுங்கள்.

அந்நியனாய்ப் பிறந்து, அந்நியரை ஏற்றுக்கொண்ட நம் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் சிந்தை உங்களிலும் இருக்கக்கடவது. கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.