சிவப்புத் தரையும் ஆசிட் புட்டியும்

தேவ்நாரிலிருந்து சகோதரி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். முன்னறையில் பல ஆண்டுகளாக ஒட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பைக் கிழித்தெடுத்தபோது, கீழே பழைய சிவப்புச் சிமெண்டுத் தரை தென்பட்டதாம். பசைக் கறையும் சுண்ணாம்புச் சொட்டுகளுமாக அது பார்க்கச் சகிக்கவில்லை. குத்தகைக்காரர் அதை உடைத்துவிட்டுப் புதிய டைல்ஸ் பதிக்கச் சொல்கிறார். மகனோ ஆசிட் ஊற்றினால் போதும் என்கிறான். மாமியார் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. நெல்லைச் சீமையிலிருந்து வந்து கொத்து வேலை பார்த்த அவருடைய கணவர், 1970-களில் தம் கையாலேயே இட்ட தரை அது. “என்ன செய்யலாம்?” என்று சகோதரி கேட்டிருந்தார். கடிதத்தில் பதில் எழுதி முடிகிற காரியமன்று என்று தோன்றவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமே நேரில் சென்றோம்.

முதலில் ஆசிட் புட்டியை அலமாரியிலிருந்து இறக்கி அப்புறப்படுத்தச் சொன்னோம். இதில் நமக்குச் சொந்த அனுபவம் உண்டு. முன்பொரு பொங்கலுக்கு நமது சமையலறைத் தரையை இவ்வாறு ‘சுத்தம்’ செய்து, அது சொரசொரப்பாகிப் பின்னர் ஒவ்வொரு குழம்புத் துளியையும் குடிக்கத் தொடங்கியதைக் கண்டவர்கள் நாம். சிமெண்டின் உயிர் சுண்ணாம்பு. ஆசிட்டோ சுண்ணாம்பைத் தின்பது. கறை போவதுபோல் தெரியும். உண்மையில் போவது தரையின் தோல். கழிவறைக்கு இட்ட பிளீச்சிங் பவுடரோடு அது கலந்துவிட்டாலோ, குளோரின் என்னும் நச்சுவாயு கிளம்பி மூச்சை அடைத்துவிடும். ஒற்றைச் சன்னல் அறைகளில் குழந்தைகளோடு வாழும் நாம் விளையாடக்கூடிய பொருளன்று அது.

தரையின் தோல் என்றோமே, அது என்ன? செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கற்களை எண்ணிப் பாருங்கள். அவற்றைச் சூளையில் இட்டுச் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு வார்த்து, பிறகு நீரில் ஊறவைக்கிறார்கள். அந்தக் கல்லின் பளபளப்பு கண்ணாடியிடம் பெற்றது. நம் சிவப்புத் தரையின் பளபளப்போ கரணையிடம் பெற்றது. இரும்பு ஆக்ஸைடு கலந்த மேற்பூச்சு இறுகிக்கொண்டிருக்கும் வேளையில், கொத்தனார் முழங்காலிட்டு, கரணையால் அழுத்தி அழுத்தித் தேய்த்துக் கொடுத்தது அது. அந்தப் பூச்சின் கனம் சில மில்லிமீட்டர்தான். ஆகையால் மொசைக் தரைக்குப் பயன்படும் இயந்திரத்தில் முரட்டுக் கல்லைப் பூட்டி இதன்மேல் ஓட்டினால், சிவப்பு நீங்கிச் சாம்பல் நிறம் வெளிப்பட்டுவிடும்.

எனவே அவ்வீட்டில் கைவேலையே நடந்தது. ஈரச் சாக்கை இரவு முழுவதும் பரப்பி வைத்ததில் பெரும்பாலான பசை இளகிற்று. பட்டி போடும் தகட்டைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினோம். இளகாத இடங்களுக்கு மட்டும், அடுப்பை அணைத்துச் சன்னலைத் திறந்துவைத்து, துணியில் தின்னர் தொட்டுத் துடைத்தோம். பின்னர் நுண்ணிய கார்போரண்டம் கல்லால், நீர் விட்டுக்கொண்டே, இலேசான தேய்ப்பு. மகன் முதல் நாள் அலுத்துக்கொண்டான். இரண்டாம் நாள் பாட்டியிடம் கல்லைக் கொடுக்க மறுத்தான்.

மொசைக் தரை உடையவர்கள் இயந்திரம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாக்காவிலிருந்து அழைத்துவரும் தொழிலாளி உலர்ந்த தரையைத் தேய்க்க நாம் இடங்கொடுத்தல் கூடாது. கல்தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் உண்டாகும், அதற்கு மருந்தில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதை அறிவிக்கவேண்டிய நோயாகப் பட்டியலிட்டது. ஆயினும் நம் வீட்டுக் கூடத்தில் தேய்ப்பவனைத் தேடி எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. அந்த ஒரு நாளுக்கு ஆய்வாளர் நாமே. நீர் விட்டே தேய்க்கவேண்டும். ஈரத்தில் மின்சாரம் ஓடுவதால் இயந்திரத்திற்கு எர்த் கம்பி இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். வழியும் பால் போன்ற குழம்பை வாளியில் அள்ளுங்கள். சாக்கடைக் குழாயில் விட்டால் அங்கேயே கல்லாகிவிடும்.

இனி மெருகு. தேவ்நார் கழிமுகத்தை அடுத்த தாழ்ந்த பூமி. கீழ்த்தளங்களில் ஈரம் அடியிலிருந்து ஏறும். ஈரத்தின்மேல் மெழுகு பூசினால் வெண்மை படர்ந்து உரியும். ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் மெழுகு வேண்டாம். அந்த வீட்டில் வியர்த்தது. ஆகவே தேங்காயெண்ணெய் சில துளிகளே துணியில் தொட்டுத் துடைத்தோம். தாராளமாக ஊற்றினால் தூசு ஒட்டும்; அதைவிட முக்கியம், வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். குளியலறை வாயிலை எண்ணெய் தொடாமலே விட்டோம்.

செலவு, கல்லும் தின்னரும் சிறிது சிமெண்டுமாக, டைல்ஸ் கணக்கின் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூசும் அளவுதான். தரை கண்ணாடியாகிவிடவில்லை, இரண்டு கறைகள் போகவேயில்லை. நிலைப்படி அருகே இருந்த வெடிப்பில் சிமெண்டும் சிவப்பும் குழைத்து அடைத்தோம். புதுச் சிவப்பு பழையதோடு சேராமல் தனித்து நிற்கிறது. அம்மையார் அதைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். “அவர் இருந்திருந்தால் ஏசியிருப்பார்” என்று சொல்லி, கோலமாவு டப்பாவை அதன்மேல் நகர்த்தி வைத்துவிட்டு, நமக்குக் காப்பி போட எழுந்து சென்றார்.