பழைய மாயாவி அட்டையைப் பகிர்வது வாசிப்பு ஆகாது



கொஞ்சம் காரமாகத்தான் எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் யாராவது ஒருவர் அடிக்கடி இரும்புக்கை மாயாவியின் பழைய அட்டைப்படத்தைப் போட்டு, "அந்தக் காலம் மாதிரி வருமா சார்?" என்று என்னையும் டேக் செய்கிறீர்கள். கீழே வரிசையாகக் கண்ணீர் விடும் பொம்மைகள். கடைசியாக நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சித்திரக்கதை எது? 1972-ல் மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984-ல் வந்த லயன் காமிக்ஸும் இன்றும் சிவகாசியிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன. வாங்கிப் பார்க்காமலே இரங்கல் எழுதுகிறீர்கள்.

இதே நீங்கள்தான் உங்கள் பிள்ளை படக்கதையை எடுத்தால் "பொம்மை பார்க்கிற வயசா இது?" என்று பிடுங்கி வைத்துவிட்டு கைடு வாங்கிக் கொடுக்கிறீர்கள். படம் இருந்தால் மூளைக்கு வேலை இல்லை என்று யார் சொன்னது? ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் நடந்ததை வாசிக்கிறவர்தான் யோசித்து நிரப்பிக்கொள்ள வேண்டும்.

சந்தேகம் இருந்தால் 'பீமாயணம்' பாருங்கள். அம்பேத்கரின் வாழ்க்கை. 2011-ல் ஆங்கிலத்தில் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. வரைந்தவர்கள் கோண்டு பழங்குடி ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம். அதில் வழக்கமான சதுரக் கட்டங்களே கிடையாது. கனிவாகப் பேசுகிறவர்களின் பேச்சு பறவை வடிவக் குமிழுக்குள் இருக்கும். சாதித் திமிரோடு பேசுகிறவர்களின் குமிழுக்குத் தேள் கொடுக்கு இருக்கும். பள்ளியில் பியூன் வந்து ஊற்றினால்தான் சிறுவன் பீமுக்குத் தண்ணீர். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக நாம் கடந்துபோகிற விஷயம் இது. அந்தக் கொடுக்கைப் பார்த்த பிள்ளைக்கு அதன் அர்த்தத்தை நான் கரும்பலகையில் எழுதிப்போட வேண்டியதில்லை.

கல்விக்கடனை அடைக்க வளைகுடாவுக்குப் போன என் பையன்களுக்கு ஒரு புத்தகம்: கேட் பீட்டன் எழுதி வரைந்த 'டக்ஸ்', 2022. கனடாவின் ஒரு மூலையிலிருந்து படிப்புக்கடனோடு புறப்பட்டு, ஆல்பர்ட்டா எண்ணெய் மணல் முகாம்களில் வேலை பார்த்த தன் கதையை அந்தப் பெண் சொல்கிறார். சுற்றிலும் ஆண்கள், குளிர், வீட்டு நினைப்பு. பெண் என்பதால் அவர் அங்கே பட்டதை மறைக்காமல் வரைந்திருக்கிறார். வீட்டுக்கு போனில் "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்லிப் பழகிய நீங்கள் இதைப் படிக்க வேண்டும். பெரியவர்களுக்கான புத்தகம், பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள்.

ஈழத்தைப் பற்றி வருடா வருடம் மே மாதம் மட்டும் பதிவு போடுகிறவர்களுக்கு 'வன்னி', 2019. ஐ.நா. பணியாளராக வன்னியில் இருந்து, 2008-ல் வெளியேற நேர்ந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுதியது, லிண்ட்சே போலக் வரைந்தது. குடும்பம் கற்பனை, நடப்பவை கற்பனை அல்ல. ஒரே மூச்சில் படிக்க முடியாது, நான் பலமுறை மூடி வைத்தேன்.

பிள்ளைகளுக்கு ஜெர்ரி கிராஃப்டின் 'நியூ கிட்'. வசதியானவர்கள் படிக்கும் பள்ளிக்குப் போகும் கறுப்பினச் சிறுவன் ஒருவனின் கதை. அதில் ஒரு ஆசிரியை ஒரு மாணவனை விடாமல் வேறொருவன் பெயர் சொல்லியே கூப்பிடுவார். நம் ஆசிரியர் நண்பர்களும் படிக்கலாம்!

"இதெல்லாம் இலக்கியமா மாமா?" என்று கேட்கும் மருமகனுக்கு: பரிசு வாங்கினால்தான் நம்புவாய் என்றால், 'மவுஸ்' 1992-லேயே புலிட்சர் சிறப்பு விருது வாங்கியது. 'நியூ கிட்' 2020-ல் நியூபெரி பதக்கம் பெற்றது, கிராபிக் நாவல் ஒன்றுக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை.

பீமாயணத்தில் தொடங்குங்கள். படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வாருங்கள். "விலை ஜாஸ்தி சார்" என்று மட்டும் கமெண்ட் போடாதீர்கள், போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போட்ட பிரியாணி போட்டோவை நானும் பார்த்தேன்.