பௌதிகப் பேராசிரியரைத் தெரிந்தெடுத்தல்

சிறு கல்லூரி ஒன்றிற்குப் பௌதிகப் பேராசிரியரைத் தெரிந்தெடுப்பது, பெரிய பல்கலைக்கழகத்திற்குத் தெரிந்தெடுப்பதைக் காட்டிலும் அரிய செயலாகும். பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பலர் இருப்பர். ஒருவர் ஒளியியலையும் மற்றொருவர் மின்னியலையும் தமக்கெனக் கொள்ளலாம். சிறு கல்லூரியிலோ இருவர் மூவரே எல்லாவற்றையும் கற்பித்து, சோதனைச்சாலையையும் பேணுதல் வேண்டும். தகுதியற்ற ஒருவர் அமர்ந்துவிட்டால், அவர் ஓய்வு பெறும்வரை வரும் மாணவர் அனைவரும் அதன் பலனை அனுபவிக்க நேரிடும்.

தங்கவயல் மக்களாகிய நமக்கு இப்பொருளில் தனி அக்கறை உண்டு. வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் முன்னோர் தோண்டிய சுரங்கங்களிலேயே, 1950-களின் தொடக்கம் முதல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தனர். 1965-ஆம் ஆண்டில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் கீழான ஆழத்தில், இந்திய, ஜப்பானிய, ஆங்கில விஞ்ஞானிகள் வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் அடையாளத்தைக் கண்டனர். அவ்வளவு ஆழம் ஏன்? மேலேயுள்ள பாறை மற்றத் துகள்களைத் தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் பாறையை ஊடுருவி வரும். 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று நம் இளைஞர் பலர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலை தேடிச் செல்கின்றனர். தம் பாட்டனாரின் சுரங்கத்தில் நிகழ்ந்த இவ்வரிய பௌதிகத்தை அவர்களுக்கு எடுத்துரைக்க வல்ல ஆசிரியர் வேண்டாமா?

அத்தகையவரைக் கண்டறிவது எவ்வாறு? பட்டமும் தகுதித் தேர்வும் இன்றியமையாதன. எனினும் அவை வாயிற்கதவுகளே. அமெரிக்க நாட்டுச் சிறு கலைக் கல்லூரிகளில், வேலைக்கு விண்ணப்பித்தவரை மாணவர் முன் ஒரு வகுப்பு நடத்திக் காட்டச் சொல்வது வழக்கம். சொல்வன்மை மட்டும் உடையவர் இதில் தேறிவிடக் கூடுமெனச் சிலர் ஐயுறலாம். அதற்கு மாற்று, மாணவரையே கேள்வி கேட்க விடுவதாகும். வத்திராயிருப்பில் 1898-ஆம் ஆண்டில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், பின்னர் ராமன் விளைவின் ஆராய்ச்சியில் பங்கு கொண்டவர், இளமையில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் ரசாயனப் பிரிவின் செய்முறை ஆசிரியராக இருந்தார். நண்பகல் உணவு வேளையில் மாணவர் பௌதிகம், கணிதம், ரசாயனம் எதைப் பற்றியும் வினவலாமென்று அவர் இடம் கொடுத்தார். அவரது சிறப்பு அவர் வகித்த பதவியால் விளங்கியதன்று. மாணவரின் வினாக்களுக்கு நடுவே விளங்கியது.

ஆகவே தேர்வுக் குழுவினர் மூன்றைச் செய்யலாம். ஒன்று, மாதிரி வகுப்பில் பாதி நேரத்தை மாணவர் வினாக்களுக்கு ஒதுக்குதல். இரண்டு, சோதனைச்சாலைக்கு அழைத்துச் சென்று, பழுதான கருவி ஒன்றைக் கொடுத்து, அவர் அதனை எவ்வாறு அணுகுகிறார் என்று நோக்குதல். மூன்று, "ஆழத்திற்குச் செல்லச் செல்லப் பாறை சூடேறுவதேன்?" என்று சுரங்கத் தொழிலாளர் ஒருவர் கேட்டால், அவருக்கு விளங்கும் தமிழிலோ கன்னடத்திலோ விடை கூறச் சொல்லுதல்.

சிபாரிசுக் கடிதங்கள் இம்மூன்றிற்கும் ஈடாகா. தம் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர், "பௌதிகம் கற்பிப்பவரை எவ்வாறு தெரிந்தெடுத்தீர்கள்?" என்று கல்லூரியாரிடம் பணிவுடன் வினவத் தயங்க வேண்டுவதில்லை. அவ்வாறு கேட்கப்படும் இடத்தில்தான் தேர்வும் நேர்மையாக நடைபெறும்.