வாசலில் நிற்கும் சுகாதாரப் பெண்களும் நமது ஜமாஅத்துகளும்

ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி வட்டாரத்துக் கிராமங்களில் ஒரு பெண் கருவுற்றால், அதைப் பதிவு செய்து அட்டை கொடுப்பவர் கிராம சுகாதார செவிலியர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கும் அந்தப் பதிவுதான் அடிப்படை. மாதவிடாய், கருத்தடை, கருச்சிதைவு, கர்ப்பப்பை நோய் என்று வீட்டுக்குள்ளேயே யாரும் வாய் திறக்காத விஷயங்களைப் பேசுவதும் இவர் வேலைதான். ஆனால் பல வீடுகளில் வாசலோடு திருப்பி அனுப்பி விடுகிறார்கள்.

இதற்கு வெட்கம் மட்டும் காரணமல்ல. நெருக்கடி நிலையின்போது 1976-77இல் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. 1976 நவம்பரில் ஹரியானாவின் உத்தாவர் என்ற முஸ்லிம் கிராமத்தைப் போலீஸ் சுற்றி வளைத்து ஆண்களை இழுத்துச் சென்றது. அந்தப் பயம் அடுத்த தலைமுறைக்கும் இறங்கியிருக்கிறது. "முஸ்லிம்கள் பெருகுகிறார்கள்" என்ற பிரச்சாரம் அதை மேலும் வளர்க்கிறது. உண்மையில் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரியாக 1992-93இல் 4.4 ஆக இருந்த பிள்ளைப்பேறு 2019-21இல் 2.36 ஆகக் குறைந்துள்ளது.

அரசின் அணுகுமுறையிலும் கோளாறு உண்டு. அதே கணக்கெடுப்பில் இந்தியாவில் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் வெறும் 0.3 சதவீதம். 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் முகாமில் அறுவை செய்துகொண்ட பெண்கள் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இப்படி முகாம் நடத்துவதை நிறுத்த வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மேலிடத்தின் தவறுக்கு வாசலில் நின்று பதில் சொல்வது கடைநிலைப் பணியாளர்தான்.

18 வயதுக்கு முன்பே மணமுடித்த பெண் கர்ப்பமானால் சிக்கல் இன்னும் பெரிது. போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தாக வேண்டும். தெரிவித்தால் குடும்பம் பகையாகும். தெரிவிக்காவிட்டால் பணியாளர் மீதே வழக்கு வரும். மாப்பிள்ளை சிறைக்குப் போவாரோ என்று பயந்து வீட்டார் கர்ப்பத்தையே மறைக்கிறார்கள். கடைசியில் பரிசோதனையே இல்லாமல் பிரசவ வலியோடு மருத்துவமனைக்குப் போகும் அந்தச் சிறுமியின் உயிர்தான் ஆபத்தில் இருக்கிறது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குத் தரும் தகவலில் டாக்டர் அவள் பெயரைக் குறிப்பிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. களப்பணியாளருக்கு அந்தப் பாதுகாப்பு தெளிவாக இல்லை.

திருத்தணியில் எல்லையும் ஒரு தடை. நகரி, புத்தூர் பக்கம் சம்பந்தம் செய்வது இங்கே சகஜம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போகும் பெண் ஒரு மாநிலத்தில் பதிந்து இன்னொரு மாநிலத்தில் பிள்ளை பெறுகிறாள். இடையில் தொடர்பு விட்டுப்போகிறது.

இத்தனைக்கும் கூலி என்ன? இந்தியாவின் ஆஷா பணியாளர்களை 2022இல் உலக சுகாதார அமைப்பு கௌரவித்தது. அதே ஆஷா பெண்கள் மதிப்பூதியத்தை உயர்த்தக் கேட்டு 2025 பிப்ரவரி முதல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகம் முன் மாதக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

மார்க்க அறிவைத் தேட வெட்கம் தடையாக இல்லாத அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) பாராட்டியதாக முஸ்லிம் ஹதீஸ் நூலில் வருகிறது. அந்த மரபு நம்முடையது. நிக்காஹ் தஃப்தரில் எழுதுமுன் பெண்ணின் வயதுச் சான்றைப் பார்ப்பதும், மாதம் ஒருநாள் பெண்கள் மதரஸாவுக்குச் செவிலியரை அழைத்துப் பேச வைப்பதும் எந்த ஜமாஅத்தாலும் முடிந்த காரியம். வாசலுக்கு வருபவரை உள்ளே அழைத்து உட்கார வைப்பது நம் ஒவ்வொரு வீட்டாலும் முடியும்.