யார் கணக்கில் பற்று?

எழுதவும் காசு வேண்டாம், படிக்கவும் காசு வேண்டாம் என்று நடக்கிற ஆய்விதழ்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், "அதெல்லாம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்று கேட்பார் ஒரு பேராசிரியர். அவர் படிக்கிற இதழுக்குச் சந்தா கட்டுவது யார்? அவருக்குத் தெரியாது. நான் வங்கியில் பேரேடு பார்த்துப் பிழைக்கிறவன். ஓரிடத்தில் வரவு என்றால் எங்கோ ஒரு பற்று இருந்தே தீரும்.

2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுக்கு. 30 பன்னாட்டுப் பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். அவற்றில் நம் வரிப்பணத்தில் ஆய்வு செய்து எழுதியவையும் உண்டு. கட்டுரையைச் சரிபார்த்தவர்கள் பெரும்பாலும் கூலி வாங்காதவர்கள். நாமே வெளைய வச்சு, நாமே அறுத்துக் குடுத்துட்டு, நெல்லுக்குப் பண்ணை வாசல்ல நிக்கிற கதைதான். அதுவும் அரசு நிறுவனங்களுக்கென்று திறந்த வாசல். சேரியில் களப்பணி செய்யும் தோழர் வெளியே நிற்கிறார். அவரைப் பேட்டி கண்டு எழுதிய கட்டுரை உள்ளே இருக்கிறது.

சந்தா வேண்டாம், எழுதுகிறவன் கட்டட்டும் என்றார்கள். நேச்சர் இதழ் 2020இல் அறிவித்த கட்டணம் கட்டுரைக்கு 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். படிக்கிறவன் வாசல் பூட்டைக் கழற்றி எழுதுகிறவன் வாயில் மாட்டியாச்சு.

பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலத்தில் வரி வருவாயில் 1 சதவீதம் ஆராய்ச்சிக்கு என்று மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காசில் 1997இல் முளைத்தது சியெலோ. போர்ச்சுகீசிய மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் எழுதிய ஆய்வை யாரும் திறந்து படிக்கலாம். மெக்சிகோவின் தொலூக்கா நகரத்துப் பொதுப் பல்கலைக்கழகம் நடத்தும் ரெடாலிக், எழுதுகிறவரிடம் காசு கேட்கிற இதழைச் சேர்ப்பதே இல்லை. சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. சியெலோவிலும் சில இதழ்கள் கட்டணம் வாங்குகின்றன. ஆனாலும் அங்கே இதழ் என்பது குழாய்த் தண்ணி மாதிரிப் பொதுச்செலவு.

இனி நம்ம ஆட்களோடு ஒரு சண்டை. இத்தகைய இதழ்கள் உலகில் 29,000 வரை இருக்கலாம், அவற்றில் 60 சதவீதம் தன்னார்வலர்களை நம்பியே ஓடுகின்றன என்றது 2021இல் வெளியான ஓர் ஆய்வு. உடனே 'தியாகம்' என்று கைதட்டுகிறோம். எங்க தாத்தா காலத்துல கூலியில்லா வேலைக்குப் பேரு வெட்டி. மென்பொருள் இலவசம்தான், சரி. சர்வர் வாடகை? மெய்ப்புப் பார்க்கிறவர், பக்கம் கட்டுகிறவர்? ஆசிரியர் ஓய்வு பெற்ற மறுவருசம் இணைய முகவரியைப் புதுப்பிக்க நாதியில்லை. பத்து வருசக் கட்டுரையும் அதோடு போச்சு. அய்ந்தாவது இதழோடு நின்றுபோன பத்திரிகை ஒன்றை நானும் நடத்தியிருக்கிறேன். அச்சகக் கடன் வீட்டுக்காரி வளையல்ல தீந்துச்சு. அதைத் தியாகம்னு எவனாவது மேடையில் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருது.

2027 முடியும்போது அந்தச் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லிக் கோப்பு நகரும். அதற்கு முன்னால் துணைவேந்தர் அறை வாசலில் உட்கார்ந்து கேட்போம்: அந்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்கு, 60 கோடி, நம் இதழ்களுக்கு. ஒவ்வொரு பல்கலைக்கழக நூலகத்திலும் இதழ்ப் பணிக்கென்று இரண்டு நிரந்தர இடம், இடஒதுக்கீட்டோடு. தமிழில் எழுதிய கட்டுரைக்கும் அதே சர்வரில் இடம்.