கொடி விழாத ரிலே

சிவகாசியில் ஆப்செட் அச்சகம் நடத்திவரும் நண்பர் ஒருவர், தமது உயரழுத்த மின் இணைப்பின் பானலில் உள்ள பழைய ரிலேயை மாற்றுவதற்கென்று ஒப்பந்தக்காரர் கொடுத்த விலைப்பட்டியலை என் முன்னே விரித்து வைத்து, "பதினைந்து வருஷத்தில் ஒரு நாளாவது இது வேலை செய்ததாக எனக்கு ஞாபகமில்லை, வேலையே செய்யாத சாமானுக்கு இத்தனை கிரயம் எதற்கு, அண்ணாச்சி?" என்று கேட்டார். வியாபாரியின் கேள்விதான், ஆயினும் அலட்சியம் செய்யத்தக்கதன்று.

ரிலே மின்சாரத்தை உண்டாக்குவதுமில்லை, கடத்துவதுமில்லை. கம்பியில் ஓடும் கரண்டின் சிறு மாதிரியை சி.டி. என்னும் கருவியின் வழியே ஓயாமல் அளந்துகொண்டிருந்து, அளவு மீறுமானால் பிரேக்கரைத் திறக்கும்படி கட்டளையிடுவதே அதன் முழு உத்தியோகம். சென்னைப் பல்லாவரத்தில் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனி செய்து அனுப்பிய சி.டி.ஜி. ரகத்து ரிலேக்களைப் பழைய துணை மின்நிலையங்களில் பணிபுரிந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கண்ணாடி மூடிக்குள்ளே, நம் வீட்டுப் பழைய மின்மீட்டரில் இருந்ததைப் போன்ற ஓர் உலோகத் தட்டு, கரண்ட் கூடக்கூட விரைந்து சுழலும். நேர அமைப்பை முழு அளவில் வைத்தால், குறித்த கரண்டைப் போல் இரு மடங்கு வரும்போது ஏறக்குறைய 10 வினாடியிலும், பத்து மடங்கு வரும்போது ஏறக்குறைய 3 வினாடியிலும் அது பிரேக்கரைத் தட்டிவிடும். முகப்பில் சிறு கொடி ஒன்று விழும்.

விலை பேசுமுன் பழையதைச் சோதித்துப் பார்ப்போமே என்று நான் சொன்னதன் பேரில், கரண்டைச் செயற்கையாகச் செலுத்தி ரிலேயைப் பரிசோதிக்கும் கருவியோடு ஒருவர் வந்தார். இரு மடங்கு, ஐந்து மடங்கு என்று ஏற்றிப் பார்த்தும் தட்டு இம்மியும் அசையவில்லை; காகிதத் தூசி படிந்து அதன் அச்சு இறுகிப்போயிருந்தது. பதினைந்து வருஷமாகக் கொடி விழாத ரகசியம் அப்போதுதான் வெளியாயிற்று.

இதைக் கொண்டு பழைய ரிலேக்கள் யாவும் குப்பை என்று தீர்ப்பெழுதிவிடுவது அவசர புத்தி. துடைத்துச் சரிசெய்த பின் நண்பரின் ரிலே உரிய நேரத்தில் இயங்கவே செய்தது. இப்போது வரும் நியூமெரிக்கல் ரிலே, பழைய காலத்தில் ஒரு வரிசை பெட்டிகள் செய்த வேலைகளைத் தனியொன்றாகச் செய்வதோடு, பழுது நேர்ந்த கணத்தில் கரண்டின் போக்கு எப்படியிருந்தது என்பதையும் பதிந்து வைக்கிறது. அதன் மகிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் மின்னணுப் பாகங்களுக்கு ஆயுள் குறைவு. செய்த கம்பெனி அந்த ரகத்தைக் கைவிட்டுவிட்டால் உதிரிப்பாகத்துக்கு அலைய நேரிடும். அதைவிடப் பெரிய சங்கடம், பழையதைக் கழற்றி அதே துளையில் புதியதைத் திருகிவிட்டால் காரியம் முடிந்ததென்று நாம் எண்ணிக்கொள்வதே. ஆலையின் ரிலேக்கும் துணை மின்நிலையத்திலிருந்து புறப்படும் மின்பாதையான பீடரின் ரிலேக்கும் இடையே ஏறக்குறைய 0.3 முதல் 0.4 வினாடி இடைவெளி இருக்கும்படி அளவுகளைக் கணக்கிட்டு அமைக்காமல், கம்பெனி அனுப்பிய அளவுகளோடேயே விட்டுவைத்தால், ஓர் அச்சகத்தின் மோட்டார் பழுதுக்காக அந்த பீடரில் உள்ள கிராமங்கள் அனைத்தும் இருட்டில் உட்கார நேரிடும்.

அளவு பிசகினால் எத்தனை தூரம் போகும் என்பதற்கு 2012 ஜூலை 30 அதிகாலையே சாட்சி. பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதையில், பழுது எதுவுமில்லாத வேளையில், மிகுந்த பாரத்தையே பழுதென்று கொண்டு ஒரு ரிலே பாதையைத் துண்டிக்க, வட இந்திய மின் தொகுப்பு சரிந்தது. மறுநாள் மீண்டும் சரிந்தபோது ஏறக்குறைய 60 கோடி மக்கள் பாதிக்கப்பட்டனர். அப்போது நாம் தப்பியது சாமர்த்தியத்தால் அல்ல. தென்னகத் தொகுப்பு வடக்கோடு ஒத்திசைவாக இணைக்கப்பட்டதே 2013 டிசம்பர் 31-ல்தான்.

இனி நம் கந்தக பூமிக்கு வருவோம். பட்டாசுக் கூடங்களில் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில் கைவேலைதான் நடக்கிறது. ஆகையால் மின்சாரத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் குறைவு என்று நினைக்கத் தோன்றும். எனினும், பாதுகாப்புக்காக ஒன்றுக்கொன்று இடைவெளிவிட்டு மானாவாரிக் காட்டில் கட்டப்பட்ட அந்தக் கூடங்களுக்கு நடுவே மின்கம்பிகள் செல்கின்றன. சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் நிலத்தின் மேல் 22 கிலோவோல்ட் கம்பி ஒன்று அறுந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த மண் மின்சாரத்தை எளிதில் ஏற்பதில்லை. சில ஆம்பியர் மாத்திரமே பாயக்கூடும். சி.டி. 200 ஆம்பியருக்கானது, மண்ணில் கசியும் கரண்டை உணர்வதற்கான எர்த் ஃபால்ட் அளவு 20 சதவிகிதம் என்றால், 40 ஆம்பியருக்குக் கீழே எது நடந்தாலும் ரிலேக்குத் தெரியாது. அது தன் கடமையில் தவறவில்லை. நாம் அதற்குக் கொடுத்த கண்ணின் கூர்மை அவ்வளவுதான். கம்பியோ உயிரோடு கிடக்கும். சருகும் கூடமும் மேய்ச்சல் ஆடும் அதன் அருகே.

ஆகவே இந்த வட்டாரத்துக்கு ரிலே வாங்குவோர் முதலில் கேட்கவேண்டியது, சிறு கசிவையும் உணரும் எர்த் ஃபால்ட் ஏற்பாடும், அதற்கேற்ற தனி சி.டி.யும் உண்டா என்பதையே. அதுவும் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடாது. அளவை மிகக் கூர்மையாக வைத்துவிட்டால், காற்றுக்கும் தூறலுக்கும் பீடர் விழுந்து விழுந்து, சலித்துப்போன ஊழியர் அந்த ஏற்பாட்டையே நிறுத்திவைத்துவிடுவார். நிலமும் பருவமும் அறிந்த, மீட்டர்–ரிலே பரிசோதனைப் பிரிவின் (எம்.ஆர்.டி.) பொறியாளர் அங்கே இன்றியமையாதவர்.

"டெண்டரில் குறைந்த விலையைத்தானே ஏற்க வேண்டியிருக்கிறது" என்பார்கள் மின்வாரியத்தார். 1998-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டத்தைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஒப்பந்த ஆவணத்தில் முன்கூட்டியே குறித்த, அளந்தறியத்தக்க அம்சங்களுக்கு மதிப்பளித்து, அதன் அடிப்படையில் குறைந்ததைத் தேர்வதற்கு அது இடந்தருகிறது. பரிசோதனை, அளவுகளின் கணக்கீடு, இத்தனை வருஷத்துக்கு உதிரிப்பாகம் என்ற உறுதி, ஊழியர் பயிற்சி ஆகியவற்றை ஆவணத்தில் எழுதத் தடையேது? கையில் பணம் குறைவென்றால், என் அபிப்பிராயத்தில், நன்கு இயங்கும் தட்டு ரிலேக்களைத் தொடாமல், துணை மின்நிலையத்து பேட்டரிகளை முதலில் கவனிக்கலாம். பேட்டரி செத்துக் கிடந்தால் எந்த ரிலேயின் கட்டளையும் பிரேக்கரின் காதில் விழாது. அடுத்து, பட்டாசுக் காடுகளின் வழியே போகும் பீடர்களுக்குப் புதிய ரிலே. தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும் காலத்தில் மின்சாரத்தை நிறுத்திச் சோதிப்பதால் அவற்றுக்கு நஷ்டமில்லை.

அச்சகங்களுக்கோ அது காலண்டர் அவசரம். நண்பர் தை மாதத்தில் ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். புதிய விலைப்பட்டியலில் பரிசோதனைக் கட்டணம் தனி வரியாக வந்திருக்கிறது. அதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லலாமா என்று நேற்றுகூட அவர் என்னைக் கேட்டார்.